நாற்பத்திரண்டு கால்சட்டையும் பத்து நிமிடமும்

தையல்காரருக்கு இடுப்பு வளையாமல் போய் மூன்று வருடமாகிவிட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதல் வருடம் குனிந்தால் கை கணுக்கால்வரை போனது. மறுவருடம் முழங்காலோடு நின்றது. மூன்றாம் வருடம் அவர் குனிந்தபோது, எதிரே நின்றவர் தனக்கு வணக்கம் சொல்வதாக நினைத்துத் திருப்பி வணக்கம் சொன்னார். அதிலிருந்து அவர் குனிவதையே விட்டுவிட்டார்.

முட்டி போட்டு உட்காரலாமே என்று யாராவது கேட்டால் பொத்தான் கதையைச் சொல்வார். கீழே விழுந்த ஒரு பொத்தானை எடுக்க முட்டி போட்டார். பொத்தான் கிடைத்தது, முட்டி கிடைக்கவில்லை. காலை பதினொரு மணியிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை வெட்டு மேசைக்கடியில் இருந்தார். வந்த வாடிக்கையாளர்களிடம் தரையைச் சரிபார்ப்பதாகச் சொன்னார். கடைசியில் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவர் தையல்காரரின் மனைவிக்குத் தம்பி. உறவுமுறையில் தூக்கியாக வேண்டியவர். முட்டி போட்டால் எழ முடியாது என்பது அந்த நாளோடு அந்தக் குடும்பத்தில் முடிந்துபோன விஷயம்.

குனிய முடியாத தையல்காரர் கால் நீளத்தை எப்படி அளப்பார்? கண்ணால் அளந்தார். ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "முப்பத்தொன்பது" என்பார். ஆள் நாற்பத்திரண்டாக இருப்பான். அந்த ஊரில் மழை பெய்தால் பாதிப் பேர் கால்சட்டையை மடிக்க வேண்டியிருக்கவில்லை. மீதிப் பேருக்கு எவ்வளவு மடித்தாலும் போதவில்லை. பழகிய கடை என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவர் பித்தளை வாத்தியக் குழுவின் தலைவர். கையில் எப்போதும் ஒரு குச்சி வைத்திருப்பார். பேசும்போது அதால் தாளம் தட்டுவார். நாற்பத்திரண்டு பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு இருபத்தாறு வருடமாகச் சீருடை தைத்தவர் நம் தையல்காரர்தான். கடைக்கு மேலே பலகையிலும் அதுதான் எழுதியிருந்தது: 'வாத்தியக் குழுவின் தையல்காரர்'. அந்தத் தெருவில் மட்டும் ஐந்து தையல்காரர்கள் இருந்தார்கள். மற்ற நாலு பேரின் பலகையிலும் அவரவர் பெயர் மட்டும்தான்.

"மாஸ்டர், போன வருஷம் தச்சுக் குடுத்தீங்களே, அதப் போட்டுக்கிட்டு வரிசையா நின்னோம்" என்றார் தலைவர்.

"சந்தோஷம்."

"சந்தோஷப்படாதீங்க. முன்னாடி நின்னு பாத்தா கால் மடிப்பெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி இருந்துச்சு. ஒருத்தனுக்கு ஷூவ மூடுது. பக்கத்துல இருக்கறவனுக்கு சாக்ஸ் முழுசும் தெரியுது. நாங்க வாசிச்சத எவனும் கேக்கல. எல்லாரும் காலத்தான் பாத்தான்."

தையல்காரர் ஊசியில் நூல் கோத்தார். கோக்க வேண்டிய தேவை எதுவும் அப்போது இல்லை.

"புதுப் பாலம் திறக்கறாங்க. மூணு மாசம் இருக்கு. எல்லாருக்கும் புதுச் சீருடை. பசங்க வெளியூர் போயிருக்காங்க, ஆறு வாரத்துல வந்துடுவாங்க. வந்த அன்னிக்கு ஒத்திகைக் கூடத்துல அளவு எடுங்க. ஒவ்வொருத்தன் குதிகால்லயும் இஞ்ச் டேப் படணும். நான் பக்கத்துல நின்னு பாப்பேன்." குச்சி மேசையில் நாலு தட்டு தட்டியது. "படலன்னா ரெடிமேட் கடைக்குப் போயிடுவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

போகும்போது வாசலில் நின்று பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அதைத்தான் தையல்காரரால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே இஸ்திரிக்காரர் மூன்று யோசனைகள் சொன்னார்.

"மாமா, ஆள மேச மேல நிக்க வச்சு அளங்க."

"போன தடவ பெரிய மேளக்காரன ஏத்தினதுலதான் மேசைக்கு ஒரு கால் போச்சு. ஒத்திகைக் கூடத்துல அந்த மேசையும் கெடையாது."

"நாக்காலி?"

"நாக்காலி மேல ஏத்தினா விழுந்துடுவோமோன்னு எல்லாரும் முட்டிய லேசா மடக்குவான். ஒரு இஞ்ச் கொறையும்."

"அப்ப தலகீழா நிக்கச் சொல்லுங்க. குதிகால் உங்க கைக்கே வந்துரும்."

"மாப்ளே, உன் கடையில ஏதோ தீயற வாசன வருது பாரு."

இஸ்திரிக்காரர் ஓடினார். உண்மையிலேயே தீய்ந்துகொண்டிருந்தது.

தையல்காரரின் மனைவி எலும்பு மருத்துவர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தார். நாள் முழுவதும் குனிய முடியாதவர்களையும் நிமிர முடியாதவர்களையும் வரிசைப்படுத்தி உட்கார வைப்பவர். தன் வீட்டிலும் ஒருவர் அப்படி இருப்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. விஷயத்தைக் கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"காலைல பத்தே நிமிஷம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு டாக்டர் குடுக்கறது. நானே மூணு மாசமா பண்றேன்."

"எப்ப பண்ற? நான் பாத்ததே இல்லையே."

"நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி. ஒலகத்துல பாதி வேல அப்பதாங்க நடக்குது."

"நீயே அளந்து சொல்லிடேன். நான் எழுதிக்கறேன்."

"அளக்கற கைதான் வெட்டணும்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?"

சொன்னது அவர்தான். இருபத்தாறு வருடமாகச் சொன்னதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

"இந்த வயசுல போய் யோகாவா?"

"எந்த வயசுல முடியலையோ அந்த வயசுலதான் கத்துக்கணும். முடியற வயசுல கத்துக்கிட்டு என்ன பண்றது?"

தாளில் ஐந்து படங்கள் இருந்தன. முதலில் ஒருவன் நின்று கையை மேலே தூக்கி மூச்சு இழுத்தான். இரண்டாவதில் முடிந்தவரை குனிந்தான். மூன்றாவதில் பூனைபோல் நாலு காலில் நின்று முதுகைக் கூன் போட்டான், குழிவாக்கினான். நாலாவதில் குதிகால்மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைத்தான். ஐந்தாவதில் மல்லாந்து படுத்திருந்தான். படத்தில் இருந்தவனுக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. வலி தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று தையல்காரர் கண்டுபிடித்தார்.

"கடைசிப் படத்துக்கு என்ன பேரு?"

"பேரு நல்லா இல்ல. நீங்க படுங்க போதும்."

முதல் வாரம் குனிவதைத் தவிர மற்றதெல்லாம் கட்டில்மேல் நடந்தது. தரை அவருக்கு அவ்வளவு தூரத்தில் இருந்தது. பூனை நிலையில் அவர் முதுகைக் கூன் போட்டபோது கேட்ட சத்தத்தில், கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு யாராவது விறகு பிளக்கிறார்களா என்று தெருவைப் பார்த்தார்.

"வலிச்சா நிறுத்திடணும். இழுத்தா மூச்ச விட்டுக்கிட்டு அங்கயே இருக்கணும்" என்றார் மனைவி.

"வலி எது, இழுப்பு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வலின்னா மூஞ்சி கோணிக்கும். இழுப்புன்னா பேச்சு வராது. நீங்க மூஞ்சியும் கோணாம பேசிக்கிட்டும் இருக்கீங்க. அப்ப இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு அர்த்தம்."

இரண்டாம் வாரம் தையல்காரர் தரைக்கு வந்தார். யோகா செய்ய விற்கிற ரப்பர் பாய் ஒன்று வாங்கி வந்தார். விரித்துப் பார்த்தால் அவரைவிட ஒரு முழம் நீளம். உடம்புக்குப் பொருந்தாத எதையும் அவர் கை சும்மா விடாது. பாயைத் தன் அளவுக்கு வெட்டினார். ஓரத்துக்கு நீலத்தில் பைப்பிங் கொடுத்தார். வெட்டிய துண்டு வீணாகக்கூடாது என்று தலைமாட்டில் ஒரு பாக்கெட் வைத்தார். பாய்க்குப் பாக்கெட் வைத்தவர் உலகத்தில் வேறு யாரும் இருந்தால், அவரும் தையல்காரராகத்தான் இருக்க வேண்டும்.

பாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதைப் பிடித்துக்கொண்டு இடது முட்டி, பிறகு வலது முட்டி, பிறகு இரண்டு கை. எழும்போது அதே வழியில் திரும்பி வர வேண்டும். முதல் நாள் இறங்க ஐந்து நிமிடம், ஏற ஏழு நிமிடம். பத்து நிமிடப் பயிற்சியில் பன்னிரண்டு நிமிடம் போக்குவரத்துக்கே போனது. மூன்றாம் வாரத்தில் பரண்மேல் இருந்த டப்பாவை எடுக்க மனைவி அந்த நாற்காலியைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலி திரும்பி வரவில்லை. தையல்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கவனம் முழுவதும் இரண்டாவது படத்தில் இருந்தது. மற்ற நாலும் அவருக்குச் சோற்றுக்கு வைத்த ஊறுகாய் மாதிரி. குனிய வேண்டும், குதிகாலைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

அதை அளக்க அவர் ஒரு வழி செய்துவைத்திருந்தார். பயிற்சிக்கென்று வெள்ளைப் பருத்தியில் தொளதொளவென்று ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டார். மடிப்பு சரியாகக் கணுக்காலில் நின்றது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குனிந்து, விரல் நுனி எங்கே படுகிறதோ அங்கே சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டார். முதல் தையல் முட்டிக்கு மேலே. இரண்டாவது முட்டியில். மூன்றாவது முட்டியைத் தாண்டிக் கீழே. நாலாவது வாரத்தில் விரல் அதற்கும் கீழே ஒரு சாண் போய்விட்டது. தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மூச்சை எப்படி விட வேண்டும் என்று விளக்கினார். சட்டைக்குக் கை வெட்டும்போதுகூட உள்ளே, வெளியே என்று மூச்சைக் கணக்காக விட்டார். சட்டைக் கைகள் அதற்கேற்ப ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்தன.

அளவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் குனிந்தார். விரல் நுனி கால்சட்டையின் மடிப்பைத் தொட்டது. அப்படியே நின்றபடி மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. மடிப்பத் தொட்டுட்டேன்."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். மடிப்பைப் பார்த்தார். அதற்குக் கீழே வெகுதூரத்தில் இருந்த கணுக்காலைப் பார்த்தார்.

"தொட்டது சரிங்க. அந்த மடிப்பு இப்ப எங்க இருக்கு?"

மடிப்பு கெண்டைக்காலின் நடுவில் இருந்தது. தையல்காரர் புதுத் துணியை ஒருநாள் தண்ணீரில் போட்டு, காயவைத்து, பிறகுதான் வெட்டுவார். இல்லையென்றால் சுருங்கும் என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பே எடுப்பார். தனக்குத் தைத்தபோது அவசரத்தில் நனைக்கவில்லை. மனைவி அதைத் தினமும் வெந்நீரில் துவைத்தார். துவைக்கத் துவைக்க அது மேலே ஏறியது. சிவப்புத் தையல்களும் அதோடு சேர்ந்து ஏறின. ஆறு வாரமாக அவர் கீழே போனது பாதி, கால்சட்டை மேலே வந்தது பாதி. இரண்டும் வழியில் சந்தித்துக்கொண்டன.

இஞ்ச் டேப்பை வைத்து உண்மையாக அளந்தார். முன்பு நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் இறங்கியிருந்தார். குதிகாலுக்கு இன்னும் பாதிக் கெண்டைக்கால் மிச்சம் இருந்தது.

"ஒரு சாண் நெஜந்தானே. ஆறு வாரத்துல அது போதும்னு டாக்டரே சொல்வாரு" என்றார் மனைவி.

"தலைவர் சொல்ல மாட்டாரு."

அன்று கடைக்குப் போனதும் ஏணி எங்கே கிடைக்கும் என்று தையல்காரர் இஸ்திரிக்காரரிடம் கேட்டார்.

"எதுக்கு மாமா?"

"பலகைய நானே எறக்கிடறேன். இன்னொருத்தன் வந்து எறக்கறத விட அது மேல்."

"உங்களால ஏற முடியாது. நானும் ஏற மாட்டேன். அது அங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரர் பெட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். வெகுநேரம் ஒரே சட்டையைத் தேய்த்தார்.

அளவு நாள் வந்தது. ஒத்திகைக் கூடத்தில் நாற்பத்திரண்டு பேரும் ஒரே வரிசையில், முதுகைக் காட்டி நின்றார்கள். டேப்பின் தலையை அவரவர் இடுப்பில் அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும். வாலைக் குதிகாலில் வைத்துப் படிக்க வேண்டியது தையல்காரர். எழுதிக்கொள்ள இஸ்திரிக்காரர் நோட்டோடு வந்திருந்தார். தலைவர் குச்சியோடு நின்றார்.

முதல் ஆள் ஊதுகொம்புக்காரர். தையல்காரர் மூச்சை உள்ளே இழுத்தார். மூச்சை விட்டுக்கொண்டே குனிந்தார். கை முழங்காலைக் கடந்தது, கெண்டைக்காலுக்கு வந்தது, நின்றது. டேப்பின் வால் அதற்குக் கீழே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தலைவரின் குச்சி அவர் கால்மேல் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது.

தையல்காரர் இன்னும் ஒரு விரற்கடை இறங்கப் பார்த்தார். முகம் கோணியது. வலித்தால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம், நிறுத்தினார். நிறுத்திய வேகத்தில் காதில் செருகியிருந்த சாக்பீஸ் நழுவி விழுந்து, ஊதுகொம்புக்காரரின் இரண்டு காலுக்கும் நடுவே உருண்டது. காலடியில் சாக்பீஸை மிதிபட விடுகிற தையல்காரர் எங்கும் கிடையாது. அவர் இடது முட்டியை ஊன்றினார், வலது முட்டியை ஊன்றினார், இரண்டு கையையும் தரையில் வைத்தார், சாக்பீஸை எடுத்தார்.

எடுத்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. கண்ணுக்கு நேரே ஒரு ஜோடிக் குதிகால் இருந்தது. அதற்கப்பால் இன்னொரு ஜோடி. சுவர்வரைக்கும் எண்பத்துநாலு குதிகால்கள், கடையில் அடுக்கி வைத்ததுபோல்.

"மாமா, தூக்கணுமா?" என்று இஸ்திரிக்காரர் காதோடு கேட்டார்.

"வேணாம். நீ எழுது." டேப்பின் வாலைக் குதிகாலில் அழுத்தினார். "நாப்பத்தொண்ணே கால்."

பூனை நிலையிலேயே அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். அங்கே ஒரு மூச்சு, ஒரு அளவு. அதற்கடுத்த ஆளுக்கு இன்னொன்று. ஐந்து வாரம் தினமும் காலையில் இறங்கி ஏறிய முட்டிகள் அன்றைக்கு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பெரிய மேளக்காரரிடம் வந்தபோது மட்டும் முதுகைக் கூன் போட்டு, குழிவாக்கி, கொஞ்சம் நிதானித்தார். தலைவர் கூடவே நடந்தார். பாதி வரிசை தாண்டியதும் குச்சி தட்டுவதை நிறுத்திவிட்டது.

நாற்பத்திரண்டாவது ஆள் முடிந்ததும் தையல்காரர் நெற்றியைத் தரையில் வைத்தார். பிறகு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பயிற்சி முடிந்தால் இரண்டு நிமிடம் அப்படிப் படுக்க வேண்டும், அதை விடவே கூடாது என்று மனைவி சொல்லியிருந்தார். வாத்தியக்காரர்களுக்கு அவர் சொல்லவில்லை. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையை விரித்துக் கால் பரப்பி, அசையாமல் கிடந்த மனிதரைப் பார்த்தார்கள். முதலில் பெரிய மேளக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு எல்லாரும் கழற்றினார்கள். ஊதுகொம்புக்காரர் கொம்பை எடுத்து, அந்த மாதிரி நேரத்தில் வாசிப்பதை மெதுவாக ஆரம்பித்தார்.

"நல்லா இருக்கு" என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமல். "ஆனா இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

பாலம் திறக்கும் நாளில் ஊரே கரையில் நின்றது. குழு புதுச் சீருடையில் ஆறு ஆறு பேராக ஏழு வரிசையாகப் பாலத்தில் ஏறி, நடுவில் நின்றது. தலைவர் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் குச்சியை இறக்கிவிட்டார். கூட்டத்தில் இருந்த தையல்காரரை ஒரு விரலால் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இங்க நின்னு பாருங்க. நாலு பேருக்கு மடிப்பு நேரா இருக்கு. அந்தக் கடைசி ரெண்டு பேருக்கு ரெண்டு விரக்கடை எறங்குது. எல்லா வரிசையிலயும் அப்படியே இருக்கு."

தையல்காரர் பார்த்தார். உண்மைதான். ஆட்களின் தலை எப்போதும் ஏறியும் இறங்கியும் இருப்பதால் தலையில் அந்த இறக்கம் தெரியவில்லை. கால் மடிப்பு மட்டும் வலது ஓரத்தில் ஒரு படி இறங்கியது. தலைவரின் முகம் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தபோது இருந்த மாதிரியே இருந்தது.

"நான் தரையிலேருந்துதான் அளந்தேன்" என்றார் தையல்காரர்.

"அது எனக்கும் தெரியும். அப்புறம் ஏன் எறங்குது?"

தையல்காரர் டேப்பை எடுத்தார். இடது முட்டி, வலது முட்டி, இரண்டு கை. ஊரே பார்க்க, புதுப் பாலத்தின்மேல் நாலு காலில் ஊர்ந்து, முதல் வரிசையில் ஒவ்வொரு ஆளின் மடிப்பையும் தரையிலிருந்து அளந்தார். ஒண்ணே கால், ஒண்ணே கால், ஒண்ணே கால். கடைசி இரண்டு பேருக்கும் அதே ஒண்ணே கால். பாலம் கட்டிய கொத்தனார் ஒருவர் கூட்டத்தில் நின்றிருந்தார். அவருக்கு ஏதோ உறுத்தியது. இடுப்பிலிருந்த ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார். இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு பொறியாளரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பொறியாளர் தானே வந்து குனிந்து பார்த்தார். அவருக்கும் இடுப்பு பாதிதான் வளைந்தது.

"வலது ஓரத்துத் தளம் ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு. நேத்து சாயங்காலம்வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு" என்றார் பொறியாளர், யாரையும் பார்க்காமல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் வந்துட்டாங்க. இப்போதைக்கு அந்த ரெண்டு பேரோட மடிப்ப மட்டும் கொஞ்சம் மேல தூக்கித் தச்சுட்டா, பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியாது."

தலைவர் குச்சியை அக்குளில் வைத்துக்கொண்டார். தையல்காரர் இன்னும் நாலு காலில்தான் இருந்தார்.

"பாலத்த மாத்துங்க" என்றார் தலைவர். "கால்சட்டைய யாரும் தொடக்கூடாது."